உச்சந்தலையின் மறுபிறவி

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், அறுவையே இல்லாமல், அவரவர் ரத்தத்தை ஊசியால் தலையில் ஏற்றினாலே அவரவர் கேசம் மறுபிறவி எடுக்கும்!" என்று முழங்கியது மருத்துவமனைப் பலகை. கீழே இரண்டு உச்சந்தலைகளின் படம்: சிகிச்சைக்கு முன் வழுக்கை, பின் அடர்ந்த காடு.

அவள் நம்பவில்லை. சிகிச்சைக்கு என்று சொல்லி, கணவர் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு மாதா மாதம் இங்கே கிளம்புகிறார். அவர் தலையோ முன்னைவிடப் பளபளக்கிறது. வேறு எங்காவது போகிறாரோ?

நேரே டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

"என் வீட்டுக்காரர் நிஜமாவே இங்கதான் வர்றாரா?"

"தவறாம வர்றாரும்மா."

"அப்புறம் ஏன் ஒரு முடிகூட முளைக்கல?"

டாக்டர் பதறினார். "ஐயய்யோ, முளைச்சா வேலை போயிடும்மா! 'முன்' படத்துக்கு அவர்தானே?"

"அப்போ 'பின்'?"

"உங்க கொழுந்தனார்."