நூற்றில் ஒரு வரி

“லாரி நம்பர் கெடச்சிடுச்சி ஜெனி. ஸ்டேஷன்ல குடுத்துட்டு வேலையப் பாரு” என்றான் ஜெரால்ட்.

ஜெனிபர் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஒரு லாரி கம்பெனி ஆபீஸில் இருவருக்கும் புரோகிராமர் வேலை. கம்பெனி லாரி ஒவ்வொன்றிலும் ஜிபிஎஸ் உண்டு. எந்த லாரி எப்போது எங்கே இருந்தது என்பது நிமிஷத்துக்கு ஒரு வரியாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம். ஜெனிபரின் அப்பா பாக்கியநாதன் இரும்பு ஃபேக்டரியில் வேலை முடிந்து எளாவூர் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஹைவே ஓரம் வண்டியை நிறுத்தி மனைவி முத்தம்மாவிடம் போனில் பேசும்போது ஏதோ ஒரு வண்டி அவரை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. போனில் பெரிய சத்தம் கேட்டது, அதோடு கட்டானது. அவ்வளவுதான் முத்தம்மாவுக்குத் தெரியும்.

யாரோ கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் உயிர் தப்பியது. காலில் ஆபரேஷன். நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை.

போன வாரம்தான் எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் ஒரு கன்டெய்னர் லாரி அங்கே நின்றதாம், அவசரமாகக் கிளம்பிப் போனதாம். லாரியில் அவர் பார்த்த பெயர், ஜெனிபர் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர்.

மேனேஜர் சந்திரமோகன் மூடி மறைப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ, நம்ம வண்டியாக இருந்தால் நானே பிடித்துக் கொடுக்கிறேன், தேடு என்றுவிட்டார். மெயின் சர்வரை மட்டும் தொடக்கூடாது, அன்றாட வேலை நின்றுவிடும், உன் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள் என்றார்.

அங்கேதான் பேஜாரு. அத்தனை லாரியின் கணக்கும் ஒரே ஃபைலில் மலை மாதிரி கிடந்தது. திறந்ததுமே மெமரி போதவில்லை என்று புரோகிராம் செத்துப்போனது. டீசல் அளவு, சரக்கு விவரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படிக்கச் சொன்னாள். அப்போதும் செத்தது.

ஜெரால்ட்தான் வழி சொன்னான். எல்லா வரியும் எதற்கு, நூற்றில் ஒரு வரி எடு, போதும்.

போதுமாகத்தான் இருந்தது. கம்பெனி லாரி ஒன்று அந்த இடத்தில் நின்றிருந்தது. அதே சாயங்காலம். அதற்கடுத்த வரியில் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திராவில் தடா பக்கம் இருந்தது. டிரைவர் பெயர் குப்புராஜ்.

“இட்ச்சிட்டு பார்டர் தாண்டிட்டான். இதுக்கு மேல இன்னா வேணும்?” என்றான் ஜெரால்ட்.

“வக்கீலு கேப்பான், நடுவுல தொண்ணூத்தொம்போது வரி எங்கன்னு. எங்க நைனாவ இட்ச்சவன நான் வுட மாட்டேன். எல்லா வரியும் வேணும்.”

சிக்னல் இல்லாத இடத்தில் நின்ற லாரிகளின் வரிகள் தாமதமாக வந்து ஃபைலில் கண்ட இடத்தில் சேர்ந்திருந்தன. அதனால் முழு ஃபைலையும் படித்தே ஆகவேண்டும். சின்னச் சின்னத் துண்டாகப் படிக்கும்படி மாற்றினாள். முக்கால்வாசி ஓடி, அதுவும் நின்றது.

வீட்டிலிருந்து முத்தம்மா போன் பண்ணினாள். நம்பரைப் போலீசில் கொடுத்துவிட்டாயா என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்லி வைத்துவிட்டாள் ஜெனிபர்.

சாப்பிடப் போகாமல் ஒவ்வொரு வரியாகப் புரோகிராமைப் பார்த்தாள். கடைசியில் தப்பு பிடிபட்டது. துண்டு துண்டாகப் படித்தாலும், படித்த துண்டு எதையும் புரோகிராம் கீழே இறக்கவில்லை. எல்லாவற்றையும் சுமந்துகொண்டே போய் மூச்சு முட்டியிருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் அந்த ஒரு லாரியின் வரிகளை மட்டும் தனி ஃபைலில் எழுதிவிட்டு, மிச்சத்தை உடனே விட்டுவிடச் சொன்னாள்.

இந்த முறை நிற்கவில்லை. ஆபீஸுக்கு டீ வந்தபோது ஓடி முடித்திருந்தது.

வரிகளை மேப்பில் போட்டாள். ஜெரால்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான்.

அம்மாவின் போன் கட்டான நேரத்தில், லாரி அந்த இடத்திலேயே இல்லை. சில கிலோமீட்டர் பின்னால், கும்மிடிப்பூண்டி டீசல் பங்க்கில் நின்றிருந்தது. அதன் பிறகுதான் அங்கே வந்திருக்கிறது, நின்றிருக்கிறது. கிளம்பியதும் ஆந்திரா பக்கம் போகவில்லை. அடுத்த திருப்பத்தில் வளைந்து, வந்த வழியே கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பியிருக்கிறது. ஊருக்குள் நுழைந்து ஒரு வாசலில் நின்றிருக்கிறது. அதற்குப் பிறகுதான் தடாவுக்குப் போயிருக்கிறது.

ஜெரால்ட் மேப்பைப் பெரிதாக்கினான். கவர்மென்ட் ஆஸ்பத்திரி.

அப்பாவைக் கொண்டுவந்து சேர்த்த அந்த யாரோ யார் என்று அவர்கள் வீட்டில் ஒருநாள்கூட யாரும் கேட்டதில்லை.

ஜெனிபர் ஆபீஸ் போனிலிருந்து குப்புராஜைக் கூப்பிட்டாள். கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, அந்தச் சாயங்காலத்தைப் பற்றிக் கேட்டாள்.

“நான் இடிக்கலம்மா” என்றார் குப்புராஜ். “நான் வர்றப்பவே ரத்தத்துல கெடந்தாரு. தூக்கினு போயி ஆஸ்பத்திரில வுட்டேன். பேரு சொன்னா என் மேலயே கேஸ் எழுதிடுவாங்கன்னு பயந்துக்கினு வந்துட்டேன். தப்புதான்.”

ஜெனிபர் பேச வாயெடுத்தாள். அதற்குள் அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கோச்சிக்காதம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தப் பெரியவரு பொழச்சிக்கினாரா?”