கேமரா ஓடட்டும்

"வாயைத் திறக்காம இருக்க உனக்கு உரிமை இருக்கு. வக்கீலும் கேக்கலாம்" என்று கைதியின் உரிமைகள் அச்சடித்த அட்டையைப் படித்து முடித்தாள் டிடெக்டிவ் ரீட்டா.

"வக்கீல் வேணாம் மேடம். அந்த பார் முதலாளி கொலையைப் பத்தி எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றான் டெர்வின்.

விசாரணை அறையின் மூலையில் நின்றிருந்த அவளுடைய சீனியர் ஹாலரன் பாய்ந்து வந்து அவன் மூக்கில் ஒரு குத்து விட்டார். நாற்காலியோடு சாய்ந்தவனைத் தூக்கி நிறுத்தித் தாடையில் இன்னொன்று. பல் ஒன்று மேஜையில் தெறித்தது.

"தானா சொல்றவனை ஏன் சார் அடிக்கிறீங்க? கேமரா ஓடுது!" ரீட்டா அலறினாள்.

"ஓடட்டும்." ஹாலரன் அவன் முகத்தைக் கேமரா பக்கம் திருப்பி மறுபடியும் அறைந்தார். "இப்பச் சொல்லுடா!"

"நான்தான் சுட்டேன்" என்றான் டெர்வின், ரத்தத்தைத் துப்பியபடி.

நான்கு மாதம் கழித்து அந்த வீடியோவைப் பார்த்த நீதிபதி முகம் சுளித்தார். "அடிச்சு வாங்கின வாக்குமூலம் நம்ம அரசியல் சட்டப்படி செல்லாது. வேற சாட்சியமும் இல்ல. நீ போகலாம்."

கோர்ட் வாசலில், வேலை பறிபோன ஹாலரன் நின்றிருந்தார். டெர்வின் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"பாவி, நானேதானே சொல்ல வந்தேன்? எதுக்கு அடிச்சே?"

"நீயா சொல்லியிருந்தா அது செல்லுமேடா! ஒரு பொய்யைச் சொல்லிட்டு ஆயுசுக்கும் உள்ள கிடந்திருப்பே."

டெர்வினின் பிடி தளர்ந்தது. "என் தம்பியைக் காப்பாத்தத்தான்..."

"அவனும் சுடலை."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவனைக் குத்திய வலது கையை விரித்துப் பார்த்தார் ஹாலரன்.

"சுட்டதும் இதே கைதான்."