டேவிட்ராஜ் குலுக்குகிறார்

காக்டெயில் குலுக்குவது கைவேலை அல்ல, அது ஒரு தவம். அதியமான்கோட்டை நெடுஞ்சாலை ஓட்டலில், புது பாரின் மேடைக்குப் பின்னால் நின்று டேவிட்ராஜ் இப்படி அறிவிக்கிறார். போன வாரம்வரை வாசல் கடையில் சாத்துக்குடி பிழிந்தவர், தவத்தைப் பெங்களூரில் இரண்டே நாளில் முடித்துவிட்டு வந்திருக்கிறார். இன்று முதலாளி வெங்கடாசலத்துக்குப் பிடித்தால் பார் அவர் பொறுப்பு. இல்லாவிட்டால் பழையபடி ஜூஸ் கடை. சாயங்கால வெயில் பாட்டில்களுக்குள் புகுந்து அவருடைய கறுப்புக் கோட்டில் பச்சையும் மஞ்சளுமாக விழுகிறது. ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, ஐஸ் எல்லாம் எவர்சில்வர் குடுவைக்குள் இறங்குகின்றன. மூடியை வைத்து, மிக்ஸி ஜாரை மூடுகிற பழக்கத்தில், உள்ளங்கையால் ஓங்கி இரண்டு குத்து விடுகிறார். குடுவை தோளுக்கு மேலே ஏறுகிறது. ஐஸ் கலகலக்கிறது. கண்கள் மூடிக்கொள்கின்றன, இடுப்பும் சேர்ந்து ஆடுகிறது.

“அண்ணா, சாமி வந்துருச்சுன்னா சொல்லுங்க, கற்பூரம் எடுத்தாரேன்” என்கிறாள் பில் போடும் எழிலரசி.

“சும்மா இரு புள்ள. பாக்கறப்பவே நமக்கு ஏறுது” என்று முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுகிறார்.

குடுவை முழுக்க வெண்பனி பூக்கிறது. டேவிட்ராஜ் குனிந்து வணங்கிவிட்டு மூடியைத் திருகுகிறார். மறுபடியும் திருகுகிறார். குளிரில் இறுகிய மூடி அசையவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு, குடுவையைத் தொடையிடுக்கில் வைத்தும் பார்க்கிறார்.

“ஆட்டத்துல பாஸுங்க மாஸ்டர்” என்கிறார் முதலாளி. “மூடி தொறந்ததும் மிச்சத்தச் சொல்றேன்.”

பாரின் முதல் காக்டெயில் இப்போது சமையல்கட்டில், வெந்நீரில் ஊறிக்கொண்டிருக்கிறது.