மேஜைக்கு வந்த சிரட்டை

குடிமையியல் வகுப்பு. டீச்சர் ஒரு பழைய தேங்காய்ச் சிரட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் கிடந்த கைடு அதை ஏற இறங்கப் பார்த்தது.

"உனக்கு இங்க என்ன வேலை?"

"தீண்டாமைப் பாடத்துக்கு வந்திருக்கேன்."

"அதுக்குத்தான் நான் இருக்கேனே. 'தீண்டாமை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.' ஒப்பிச்சா ரெண்டு மார்க்."

"ஒப்பிச்சவங்க யாராவது உங்கிட்டத் திருப்பி ஒரு கேள்வி கேட்டிருக்காங்களா?"

"கேள்வியும் எங்கிட்டயே இருக்கு" என்றது கைடு.

முதல் பெஞ்சு அமுதினி எழுந்து வந்து சிரட்டையைக் கையில் எடுத்தாள். "இது எதுக்கு டீச்சர்?"

"நம்ம ஊர் டீக்கடைக் கூரையில தொங்கினது. கீழ்சாதின்னு ஒதுக்கினவங்களுக்கு இதுலதான் டீ ஊத்துவாங்க. குடிச்சிட்டு அவங்களே கழுவி மாட்டணும்."

"மத்தவங்களுக்கு?"

"கண்ணாடி கிளாஸ்."

கடைசி பெஞ்சில் டீக்கடைக்காரர் பேரன் மாதேஷ் மெல்ல எழுந்தான்.

"எந்தக் கடை டீச்சர்?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

"இதெல்லாம் பரீட்சைக்கு வராது" என்று கைடு முணுமுணுத்தது.

"வராதுதான்" என்றது சிரட்டை. "ஆனா அவன் கேள்வி சாயங்காலம் வீட்டுக்குப் போகும்."