ஓடையை மறித்தவர்

ஓடையில் தண்ணீர் நின்றுவிட்டது.

நர்சரிக்காரர் காலி வாளியை ஓர் உதை விட்டார். விற்பனைக்கு வைத்திருந்த ரோஜாச் செடிகள் வெயிலில் தலை தொங்கி நின்றன.

யார் வேலை என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மேலே, வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தச்சர்தான் குறுக்கே பலகை வைத்து மறித்திருக்கிறார். நாளைக்குச் சம்பந்தியாகப் போகிறவர்!

நர்சரிக்காரர் மனைவியைக் கையாட்டிக் கூப்பிட்டார். வாயில் கைக்குட்டை. நேற்று சாயங்காலத்திலிருந்து தொண்டைக் கட்டு. காற்று படக்கூடாதாம். ஆகாரம் பால் மட்டும். பேச்செல்லாம் மனைவியின் காதில்தான், அதுவும் குழறலாக.

"உங்க பிள்ளையையும் கூப்பிடுங்க. விடிஞ்சா கல்யாணம், காலையிலேர்ந்து ஆளையே காணோம்" என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னால் ஓடினாள்.

தச்சர் பட்டறையில் இழைப்பு நடந்துகொண்டிருந்தது.

"வாங்க சம்பந்தி! வாங்க சம்பந்தியம்மா!"

குசுகுசு.

"வரவேற்பெல்லாம் அப்புறமாம். பலகையை எடுக்கச் சொல்றார்."

"எடுத்துடலாம். கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க."

குசுகுசு.

"ஓடை என்ன உங்க அப்பன் வீட்டு..." மனைவி நிறுத்தினாள். "அது வேண்டாம். ஓடை உங்களுக்குச் சொந்தமான்னு கேக்கறார். அது மலையிலேர்ந்து வருதாம். கீழே சின்ன ஆத்துல சேருதாம். சின்ன ஆறு பெரிய ஆத்துல, பெரிய ஆறு கடல்ல. அவ்வளவு தூரம் போற தண்ணிக்கு நடுவுல நீங்க யாராம்?"

"அவ்வளவு தூரம் போகுதேன்னுதான் மறிச்சேன்."

"திமிரைப் பாரு! இது அவர் சொல்லல, நான் சொல்றேன்."

தச்சர் சிரித்தார். கண் மட்டும் ஓடைப் பக்கமே போய்ப் போய் வந்தது. ஜன்னலில் கல்யாணப் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இந்த முறை குசுகுசு நீளமாக இருந்தது. மனைவியின் முகம் மாறியது.

"இதை நான் சொல்ல மாட்டேன்."

முழங்கையால் ஓர் இடி.

"இப்பவே பலகையை எடுக்கலைன்னா... நாளைக்குக் கல்யாணம் கிடையாதாம்."

இழைப்பு நின்றது. ஜன்னலில் பெண்ணின் கண் கலங்கியது.

"உங்க இஷ்டம் சம்பந்தி. ஆனா இப்ப எடுக்க மாட்டேன்" என்றார் தச்சர்.

நர்சரிக்காரர் விறுவிறுவென்று வாசலுக்குத் திரும்பினார். அப்போதுதான் ஓடைக்குள்ளிருந்து ஓர் உருவம் ஏறி வந்தது. முழங்கால் வரை சேறு. மூக்கிலும் சேறு.

கல்யாண மாப்பிள்ளை!

அப்பாவைப் பார்க்காதது போல நேரே தச்சரிடம் போனான்.

"கிடைச்சிடுச்சு மாமா."

அவன் கொடுத்ததைத் தச்சர் குழாயடியில் நன்றாகக் கழுவினார். துணியில் சுற்றினார். போய்ப் பலகையைப் பிடுங்கி எறிந்தார். ஓடை சளசளவென்று ஓடியது.

பிறகு துணிப் பொட்டலத்தைச் சம்பந்தியின் கையில் வைத்து, அவர் காதில் மட்டும் சொன்னார்.

"நேத்து பாலத்துல நீங்க தும்மினதை மாப்பிள்ளை பாத்துட்டாராம். நல்லவேளை, ஓடையிலேயே மாட்டிச்சு. பெரிய ஆத்துக்குப் போயிருந்தா, நாளைக்குப் போட்டோவுல நீங்க உம்முனு இருப்பீங்க. கடல்ல ஏதோ ஒரு மீன் சிரிச்சுக்கிட்டிருக்கும்."

நர்சரிக்காரர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னங்க குடுத்தார்?" மனைவி எட்டிப் பார்த்தாள்.

"தொண்டைக்கு மருந்து. நாளைக்குக் கல்யாணத்துல நான் வாய் திறந்து பேச வேணாமா?" என்று திரும்பினார் நர்சரிக்காரர், பல்செட் முழுக்கத் தெரியும்படி சிரித்துக்கொண்டு.