வதனியின் சட்டி

இன்னும் கருப்புப் போகவில்லை.

அவள் அடுப்புச் சாம்பலை இன்னொரு பிடி அள்ளிச் சட்டிக்குள் போட்டாள். அதன்மேல் சோப்பு. கம்பி நாரை அழுத்திப் பிடித்துத் தேய்த்தாள். கரைசல் முழங்கைவரை வழிந்தது.

விடுமுறைக்குக் கூடாரம் அடித்திருந்த ஆற்றங்கரை முகாமின் குழாயடியில் வேறு ஒருவரும் இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மரநிழலில் சாய்ந்திருந்தார்கள்.

தோசைக்கல்லைப் போல இரும்புச் சட்டிக்கும் சோப்புப் போடக்கூடாது என்று தெரியாதவள் அல்ல. இரும்பு வருஷக்கணக்காகக் குடித்த எண்ணெய் எல்லாம் ஒரே கழுவலில் போய்விடும். பிறகு எது வைத்தாலும் அடியில் பிடிக்கும்.

தெரிந்துதான் போட்டாள்.

போகட்டும்.

இது வதனி பழக்கிய சட்டி.

வதனி இவளுடைய புருஷனின் முதல் மனைவி. நோய் வந்து இறந்துபோனவள். இவள் மெல்பேர்னுக்குக் கலியாணமாகி வந்தது போன பங்குனியில். வந்த அன்றே சுவரில் வதனியின் படத்தைப் பார்த்தாள். தினமும் அவளே பூ வைக்கிறாள். படத்தோடு அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. படம் பாவம், அது தன்பாட்டில் சுவரில் இருக்கிறது.

சட்டி அப்படியில்லை. சட்டி அடுப்புக்கு வருகிறது.

மூன்று காலில் நிற்கும் வார்ப்பிரும்பு. தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும். மூடியைச் சுற்றி ஒரு விளிம்பு, மேலே போடும் தணல் சரியாமல் நிற்பதற்கு. கீழே கொஞ்சம் தணல், மூடிமேல் நிறையத் தணல். இறைச்சி இரண்டு பக்கச் சூட்டிலும் அவியும்.

போன கிழமை கூடாரம் வாங்கக் கடைக்குப் போனபோது இதே மாதிரிச் சட்டிகள் அடுக்கியிருந்தன. அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒன்றின் மூடி ஆடியது. ஒன்றில் கால் குட்டை, கீழே தணல் தள்ள இடம் போதாது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. மூடி அசையாமல் உட்கார்ந்தது. தட்டினால் கோயில் மணி மாதிரிச் சத்தம். தன் கையால் எண்ணெய் பூசி, தான் பழக்க ஒரு சட்டி. அந்த வீட்டில் தனக்கென்று ஒன்று.

அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். நல்ல சட்டிதான் என்றார். பிறகு இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார். வீட்டில் ஒன்று இருக்கிறதாம்.

வீடு வரும்வரை அவள் கார்க் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி வந்தாள். அதை அவர் கவனிக்கவும் இல்லை.

இன்றைக்கு ஆட்டிறைச்சிக் கறி. வெங்காயம் உரித்தது அவள். தூள் அவளுடைய அம்மா சாவகச்சேரியில் இடித்து அனுப்பியது. புகையில் கண்ணைக் கசக்கிக் கசக்கித் தணல் மாற்றியதும் அவள்தான். ஒரு துண்டுகூட அடியில் பிடிக்கவில்லை.

அவருடைய சிநேகிதன் நேசன் விரலைச் சூப்பினான்.

"வதனி அக்கான்ர காலத்து ருசி அப்பிடியே இருக்கு," என்றான்.

அவர் சிரித்தார். சட்டியைப் பார்த்துத்தான் சிரித்தார். இவள் பக்கம் திரும்பவில்லை.

வேர்த்து விறுவிறுத்தது யார்? பெயர் யாருக்கு? செத்தும் அகப்பையை விடமாட்டாளா இந்த வதனி?

அப்படி நினைத்ததும் சீ என்று இருந்தது. செத்தவளோடு என்ன போட்டி. ஆனாலும் கை நிற்கவில்லை.

கருப்பு விட்டுக்கொடுத்தது. முதலில் ஓரத்தில், பிறகு நடுவில். வெறும் இரும்பு வெளிறிப்போய்த் தெரிந்தது. நல்லது. இனி இது ஒருவருடைய சட்டியும் இல்லை. இனி என் எண்ணெயைக் குடிக்கட்டும்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் வந்து குனிந்து பார்த்தார். குந்தியிருந்து உட்பக்கத்தை விரலால் தடவினார். முகம் சுருங்கிப்போனது.

அவள் எழுந்து நின்றாள். ஏசட்டும். வதனியின் பெயரைச் சொல்லியே ஏசட்டும். திருப்பிச் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் வாயில் அடுக்கி வைத்திருந்தாள்.

அவர் ஏசவில்லை.

"எத்தினை வருஷம் பாத்துப் பாத்து எண்ணெய் பூசினனான்," என்றார்.

நீங்களா என்று கேட்டாள்.

"வேற ஆர்? வதனி அடுப்படிப் பக்கமே வரமாட்டா. அவ கதிரையில இருந்து புத்தகம் வாசிப்பா. நான்தான் சமைச்சுக் குடுக்கிறது."

அப்படியென்றால் நேசன் சொன்ன ருசி இவருடையது. இவ்வளவு நேரமும் அவள் தேய்த்தெடுத்தது இவருடைய கைவேலையை. சிரிப்பு வரவேண்டிய இடம். மன்னிப்புக் கேட்கவேண்டிய இடமும்தான்.

இரண்டும் வரவில்லை.

வதனி கதிரையில் இருந்திருக்கிறாள். இவர் புகைக்குள் குந்தியிருந்திருக்கிறார். உப்புப் பார்க்கச் சொல்லி, உள்ளங்கையில் குழம்பு விட்டுக் கொண்டுபோய் நீட்டியிருப்பார். வதனி நக்கிப் பார்த்துவிட்டு உப்புக் காணாது, இன்னும் போடுங்கோ என்றிருப்பாள். இவர் ஓடிப்போய்ப் போட்டிருப்பார்.

இவளுக்கு இவர் ஒரு கோப்பை தேத்தண்ணிகூட ஊற்றித் தந்ததில்லை.

சட்டி என்றால் தேய்த்துவிடலாம். இதை எதைக்கொண்டு தேய்ப்பது?

அவள் கையைச் சீலையில் துடைத்தாள். சட்டியை அவர் பக்கம் காலால் தள்ளினாள். நடந்துபோய், தணலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மத்தியானம் தின்ற சோறு இன்னும் நெஞ்சுக்குள் நின்றது.

"எனக்குப் பசிக்குது," என்றாள்.