ஏழிலிருந்து ஒன்று வரை

அப்பா கேசட்டின் மூலை ஓட்டையில் காகிதத்தைச் சுருட்டித் திணித்து, அதன் மேல் செலோடேப்பை ஒட்டிக்கொண்டிருந்தார்.

அது என் கேசட்.

யாரும் எதையும் அதன்மேல் பதிந்துவிடக்கூடாது என்று அந்த மூலையை உடைத்து வைத்தவள் நான்தான்.

“அது வேண்டாம்ப்பா. வேற வாங்கலாம்.”

“ஞாயித்துக்கிழமை சேட்டு கடை ஏது? சித்தப்பா எட்டு மணிக்கு ஏர்போர்ட்ல இருக்கணும். இதுல என்ன இருக்கு? எவனோ தொண்டை கிழியக் கத்தறான்.”

டெட்ராய்ட்டில் வேலை பார்க்கும் பையனின் வீட்டார், பெண் பாடிய கேசட் ஒன்று வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். சித்தப்பா கையோடு எடுத்துப் போகிறார்.

கேசட்டின் மறுபக்கத்தில் பெரியப்பாவின் உபந்நியாசம். அதைத் தொட யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு பக்கம். முப்பது நிமிஷம். அதில் ஏழு பாட்டு, எனக்குப் பிடித்த வரிசைப்படி ஏழாம் இடத்தில் தொடங்கி முதலிடம் வரை.

ஏழும் ஒருவன் பாடியவை. பெரிய ஹெவி மெட்டல் ராக் குழு ஒன்றில் பாடிக்கொண்டிருந்தவன் அவன். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறி, தனியாகப் பாட ஆரம்பித்தான். குழுவில் இருந்தபோது பாடியதுதான் பாட்டு என்பார்கள் காலேஜில். எனக்குத் தனியாகப் பாடியவைதான் வேண்டும். அந்த உறைகளில் அவன் பெயர் மட்டும் இருக்கும்.

வரிசை எளிதில் அமையவில்லை. ஓர் இடம் மாறினாலும் அதிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் பதிய வேண்டும். மூன்றாம் தடவை போய் நின்றபோது, தாம்பரத்தில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த துரை அண்ணா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னாமா, மறுபடி மாத்திகினு வந்துகீறே? நாலுக்கும் அஞ்சுக்கும் இன்னா பேஜாரு உனக்கு?”

பேஜார்தான். மூன்று மாதம் யோசித்திருந்தேன். வேறு எதைப் பற்றியும் என்னை யாரும் முடிவெடுக்கச் சொன்னதில்லை.

பொழிச்சலூர் வீடுகளின் மேல் விமானம் ஒன்று இறங்கிப் போகும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்திக் கையைக் காட்டினார்.

வர்ணத்தை எடுத்தேன்.

என் குரலின் அடியில் ஏழாம் பாட்டு அழிந்துகொண்டிருந்தது. ரயில் பெட்டிகள் மோதிக்கொள்வது போல டிரம் தொடங்கும் பாட்டு. வர்ணம் முடிவதற்குள் போய்விட்டது.

தோடியில் ஆலாபனை. ஆறு போயிற்று.

அபஸ்வரமாகப் பாடியிருக்கலாம். முயன்றேன், வரவில்லை. பன்னிரண்டு வருஷம் கற்றுக்கொண்டது எனக்கு எதிராக நின்றது. கோபத்தில் குரல் இன்னும் கூர்மையாக ஏறியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

கீர்த்தனையில் ஐந்து, நாலு. துரை அண்ணாவிடம் சொல்ல வேண்டும், அந்தச் சண்டை தீர்ந்தது என்று.

நிறுத்தப் பார்த்தேன். அம்மா விரலைச் சுழற்றினாள், இன்னும் ஸ்வரம் போடு என்று. மூன்று. தில்லானாவும் வேண்டுமாம். இரண்டு.

முடித்தேன். அப்பா டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர் பக்கம் குனிந்து, ஆபீஸ் குரலில் சொன்னார்:

“இதுவரை பாடியது என் மூத்த பெண், சௌபாக்யவதி நாகலக்ஷ்மி.”

நாகலக்ஷ்மி என் அக்கா. அவளுக்குப் பாட வராது.

“கல்யாணம் ஆயிட்டா அப்புறம் எவன் பாடச் சொல்லப்போறான்?” என்று காலையில் அம்மா சொன்னபோது நானும் சிரித்தேன். அக்காவுக்கு இருபத்தெட்டு வயது. குரலைக் கேட்டார்கள், கொடுத்தேன். கேட்காமல் எடுத்தது கேசட்டைத்தான். கோபம் அதற்காக மட்டும் என்று அந்த நிமிஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெயரைக் காதால் கேட்கும் வரை.

அப்பா ஓடவிட்டுப் பார்த்தார். அவருடைய அறிவிப்பு முடிந்ததும் கிடார் வீறிட்டது. முதலிடம் மிச்சமிருந்தது.

“ஐயையோ, இதுவும் சேர்ந்து போனா மானம் போயிடும்!” என்றாள் அம்மா.

வாசலில் சித்தப்பாவின் ஆட்டோ வந்து நின்றது. அப்பா எழுந்தார்.

“கதவைச் சாத்திண்டு, ரெக்கார்டிங்கைப் போட்டுட்டு, மூச்சு விடாம உட்காரு. அஞ்சு நிமிஷம். எல்லாம் அழிஞ்சுடும்.”

சாத்தினேன்.

அந்தப் பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். அவன் மட்டும் பாடுவான். மேலே ஓரிடத்தில் குரல் உடையும். திரும்பப் பாடிச் சரிசெய்திருக்கலாம், செய்யவில்லை. தன் பெயரில் வந்த பாட்டில் அந்த உடைந்த குரலை அப்படியே விட்டிருந்தான். அதனால்தான் முதலிடம். அதை மட்டும் நான் ஒரு தடவைகூட மாற்றவில்லை.

கடைசியாக ஒருமுறை கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் அழிக்க மனம் வராது. அழிக்காமல் விட்டால் சித்தப்பா புறப்படும் முன் அப்பா வந்து அழிப்பார்.

அப்பா சொல்லி முடித்த இடத்தில் நாடாவை நிறுத்தி, சிவப்புப் பொத்தானை நானே அழுத்தினேன்.

மைக் இருந்த ஓட்டைகளின் அருகே வாயைக் கொண்டுபோனேன். சமையலறைக்குக் கேட்காத குரலில், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்:

“பாடியது அபிதகுஜாம்பாள். சுந்தரராமனின் இரண்டாவது பெண்.”

மீதி நாலரை நிமிஷமும் நன்றாக மூச்சு விட்டேன். அதுவும் பதிந்திருக்கும்.

கதவைத் திறந்தால் அக்கா நின்றிருந்தாள், தலை நிறையப் பூவோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“அழிச்சாச்சா?”

“அழிச்சாச்சு.”

கேசட்டை வாங்கி உறையில் போட்டாள். மேலே தன் பெயரை எழுத என்னிடம் பேனா கேட்டாள்.

கொடுத்தேன்.